நாலாம் பக்கத்து ஆமென்

என் மதினியின் விரல்கள் குட்டையானவை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் குடும்பத்துக்குள் வந்த அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். பியானோக்காரி, கொழும்பில் படித்தவள், வெள்ளைக்காரர்கள் முன்னால் மேடையேறி வாசித்தவள் என்று ஆறு மாதமாக வீட்டில் ஒரே பேச்சு. சர்ச்சில் மோதிரம் போடும்போது எட்டிப் பார்த்தேன். கட்டையும் குட்டையுமாகப் பத்து விரல். என்னுடையவை நீளமானவை, பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கல்யாணம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி போடும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன்.

நேரில் ‘மதினி’ என்றுதான் கூப்பிடுவேன். ‘வாங்க, போங்க’ எல்லாம் உண்டு. மனசுக்குள் மட்டும் அவள், இவள். எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா மிஷன் பள்ளியில் தலைமை வாத்தியார். நான் பெண்பிள்ளைகள் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர். ஆனால் ஊரில் யாரும் என்னை டீச்சர் என்று சொல்லமாட்டார்கள், ‘ஆர்கன் வாசிக்கிற பிள்ளை’ என்பார்கள். எங்கள் சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் ஒன்று இருந்தது. நோட்ஸ் படிக்க மட்டும் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை நானே தடவித் தடவிப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று வயதிலிருந்து அந்த முக்காலி என்னுடையது. இருநூறு பேர் என் கைக்கு எழுந்து நின்றார்கள், என் கைக்கு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நான்தான் ஆமென் வாசிப்பேன். நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ‘ஆ’, கையைச் சற்று மாற்றி மறுபடி அழுத்தினால் ‘மென்’. அந்த இரண்டாவது அழுத்தலுக்காக சபை முழுக்கத் தலை குனிந்து காத்திருக்கும். ராணிக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

அண்ணனுக்கு ராஜபாளையத்தில், அப்போது புதிதாகத் திறந்திருந்த பஞ்சாலையில் கிளார்க் வேலை. மதினி அங்கேதான் குடித்தனம் வந்தாள். அவளுக்குப் பின்னால் பியானோ வந்தது, கொழும்பிலிருந்து கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, கூட்ஸ் வண்டியில் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு. மில்லில் பஞ்சுப் பேல் தூக்குகிற எட்டுப் பேர் அதைத் தூக்கினார்கள். வாசல் நிலையில் இடித்து ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. “போகட்டும், சத்தம் பெயரலையே” என்றாள் மதினி. என் ஆர்கனில் ஒரு கீறல் விழுந்திருந்தால் நான் எட்டுப் பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸேறிப் போனேன். ஏழு மைல். போகும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அவள் நாலு ஞானப்பாட்டு வாசிப்பாள், நானும் வாசித்துக் காட்டுவேன், யார் கை சுத்தம் என்று அண்ணனே தெரிந்துகொள்வான். அவள் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராகம் ஒன்று எட்டிப் பார்க்கும், அதைப் பிடிக்கப் போனால் இரண்டு கட்டை தள்ளி வேறொன்று வந்து முட்டும். இடது கை ஒரு வேகம், வலது கை ஒரு வேகம். நடுவில் ஒன்றுமே இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருப்பாள். பிறகு பலகையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு அடி.

சுவரை அடுத்த வீட்டில் ராஜு சாதி அம்மா ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

“ஏமம்மா, பெட்டி ரிப்பேரா? வண்டியில வரும்போது அடிபட்டுப்போச்சா?” என்று கேட்டார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும் போலிருந்தது. மதினி சிரித்துக்கொண்டே, “இல்லம்மா, இது புதுசு. இதை எழுதினவரு இன்னும் உயிரோட இருக்காரு” என்றாள். அந்த அம்மா பாவம், எழுதினவர் உயிரோடு இருப்பதற்கும் காது வலிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் போய்விட்டார்.

அதுதான் மதினியின் கிறுக்கு. செத்துப்போனவர்கள் எழுதியதை அவள் மேடையில் வாசிக்கவே மாட்டாள். ஐரோப்பாவில் இருபது, முப்பது வருஷத்துக்குள் எழுதிய புது சங்கீதம் மட்டும்தான். “செத்தவியளுக்கு வாசிக்க ஊருக்கு ஆயிரம் பேரு இருக்காவ. உயிரோட இருக்கவனுக்கு யாரு இருக்கா? அவன் எழுதி எழுதி மேசையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் ஒருத்தி வாசிச்சா அவனுக்கு அம்புட்டு தூரத்துலயும் ஒரு வீடு மாதிரி” என்பாள். நல்ல பேச்சுதான். என் எதிரில் வேறு யாராவது சொல்லியிருந்தால் கண் கலங்கியிருப்பேன்.

அன்று நானும் வாசித்தேன், என்னுடைய நல்ல ஞானப்பாட்டுகளை. பக்கத்து வீட்டில் வெள்ளை நாய் ஒன்று, அந்த ஊர் ஜாதி நாய், நெட்டையாக நின்றுகொண்டிருந்தது. நான் இரண்டாவது அடி தொடங்கியதும் கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்தது. மதினி வாசித்தபோது அதே நாய் காதைக்கூட அசைக்காமல் படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு நாய்க்காகக்கூடப் பொறாமைப்பட வைத்தவள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது நான் பயந்தது நடந்தது. பாதிரியார் எங்கள் வீட்டுக்கே வந்து, பண்டிகை ஆராதனைக்கு மதினி ஆர்கன் வாசிக்க வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சபையார் நாலு பேர். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மதினி என்னைப் பார்க்காமலேயே, “அது நாத்தனார் இடம், அய்யா. நான் பின்வரிசையில நின்னு பாடுதேன்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் சரி என்றிருந்தால் எனக்கு வெறுக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். என் முக்காலியை எனக்கே தானம் செய்துவிட்டுப் போனாள். அன்று ஆமென் வாசிக்கும்போதெல்லாம், பின்வரிசையில் அவள் தலை குனிந்து நிற்பது முதுகில் உறைத்தது.

பிறகு அவளுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. மதுரையில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் வாசித்தாள். சென்னையில் இரண்டு தடவை, பெங்களூரில் ஒரு தடவை, தை மாதம் கொழும்புக்குப் போய் ஒரு மாதம். இங்கிலீஷ் பத்திரிகையில் நாலு வரி வந்ததை அண்ணன் வெட்டி, பைபிளுக்குள் வைத்திருந்தான். ‘துணிச்சலான வாசிப்பு’ என்று போட்டிருந்தது. எல்லாமே புகழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. பெங்களூரில் பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்விட்டார்கள் என்று அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொன்னான். எனக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது. ஆறுதல் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு அந்த வாரமே பஸ்ஸேறினேன். மதினி அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பாதிப் பேரு போயிட்டாவளாமே மதினி” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“பாதிப் பேரு இருந்தாவ, புள்ள!” என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. என்ன செய்வது இப்படிப்பட்டவளை?

இதற்கிடையில் அவளுடைய வேலைக்காரி மாதிரி ஆகிவிட்டேன். அப்படி அவள் ஆக்கவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். புது சங்கீதப் புத்தகங்கள் நம் ஊரில் கிடைக்காது. கொழும்பில் அவளுடைய டீச்சருக்கு ஐரோப்பாவிலிருந்து வரும். அவர் தபாலில் அனுப்பி வைப்பார், பத்து நாளில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்குள் ஐந்து கோடு போட்ட தாளில் கையால் நகல் எடுக்க வேண்டும். சபைப் பாடகர்களுக்கு வருஷக்கணக்காக நோட்ஸ் எழுதிக் கொடுத்த கை என்னுடையது. ஒரு சனிக்கிழமை அவள் மையைக் கொட்டிக்கொண்டு திணறுவதைப் பார்த்துவிட்டு, “கொடுங்க மதினி” என்று வாங்கினேன். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“முத்து முத்தா இருக்கு, புள்ள. அச்சுல போட்டதைவிட நல்லா இருக்கு.”

அன்றிலிருந்து அவள் வாசித்த எல்லாமே என் எழுத்து. மேடையில் பக்கம் திருப்புவதும் நான்தான். மதுரையில் வாசித்து முடித்து எல்லாரும் கைதட்டியபோது, அவளுக்கு இடது பக்கம் ஒரு அடி தள்ளி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வந்து மதினியின் கையைக் குலுக்கிவிட்டு, தன் விசிறியை என்னிடம் நீட்டினாள், பிடித்துக்கொள் என்று. பிடித்துக்கொண்டேன். அந்த விசிறியின் கைப்பிடி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

சரி, நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் மே மாதம் சீசன் நேரத்தில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. தென்னாட்டு மிஷனரிகள் பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்து அங்கேதான் இருப்பார்கள். மதினிக்கு அது பெரிய கச்சேரி. அதற்காகவே கொழும்பிலிருந்து ஒரு புதுப் புத்தகம் வந்தது. பத்துப் பக்கம். மதினி ஒரே ஒரு தடவை மேலோட்டமாக வாசித்துப் பார்த்துவிட்டு, நகலெடுக்க என்னிடம் கொடுத்தாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எழுதினேன். எழுதும்போதே எனக்குள் அந்த எண்ணம் வந்துவிட்டது. இவளுக்கு எல்லார் முன்னிலையிலும் ஒரு தப்பு விழ வேண்டும். ஒரே ஒரு தப்பு.

ஆனால் இந்தச் சங்கீதத்தில் தப்பு வைப்பது எப்படி? ஒரு கட்டையை மாற்றி எழுதிப் பார்த்தேன், முன்னே இருந்ததைவிட மோசமாகவும் இல்லை, நல்லதாகவும் இல்லை. இரண்டை மாற்றினேன், அதே கதை. கரடுமுரடான ரோட்டில் இன்னொரு கல்லைப் போட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு நாள் முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் பக்கத்தில், பெரிய அமளி முடிந்ததும், எழுதியவர் ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். வாசிக்கிறவர் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்த வெறுமையில் என் ஆமெனை எழுதி வைத்தேன். எங்கள் சர்ச்சில் வாசிப்பேனே, அதே இரண்டு அழுத்தல், மெதுவாக. அந்தப் பேய்க்கூச்சலுக்கு நடுவில் ஒரு ஆமென் வந்தால் சபை கொல்லென்று சிரிக்கும், அவள் முகம் சிவக்கும். முத்து முத்தாக எழுதினேன். மூலப் புத்தகம் கொழும்புக்குத் திரும்பிப் போய்விட்டது.

அவள் அந்த நகலை வைத்துத்தான் பழகினாள். நான் சனிக்கிழமைகளில் போகும்போது நாலாம் பக்கம் வரும், ஆமென் வரும், போகும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கானலில் சரியான கூட்டம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வயதான மிஸ்ஸியம்மாக்கள், பாதிரிமார்கள், கம்பளிச் சால்வைகள். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். நாலாம் பக்கம். அமளி ஏறியது, ஏறி உடைந்தது, நின்றது. மதினி என் ஆமெனை வாசித்தாள். நான் வாசிப்பதைவிட மெதுவாக, நான் வாசிப்பதைவிட நன்றாக.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழட்டு மிஸ்ஸியம்மா தலை குனிந்தார். அடுத்தவர் குனிந்தார். வரிசை வரிசையாக, யோசிக்காமல், ஐம்பது அறுபது வருஷப் பழக்கத்தில், அரங்கு முழுக்கத் தலை குனிந்தது. எல்லாத் தலையும் கீழே இருக்கும்போது அடுத்த அமளி மேலே வந்து விழுந்தது. ஒரு பாதிரியார் நாற்காலியிலிருந்து எகிறியே விட்டார். கடைசிப் பக்கம் வரை ஒருவரும் அசையவில்லை.

முடிந்ததும் எல்லாரும் பேசியது அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான். அந்தக் கிழட்டு மிஸ்ஸியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சண்டைக்கு நடுவில் கர்த்தர் வந்து போனதுபோல் இருந்தது” என்று அழகான தமிழில் மதினியிடம் சொன்னார். மதினியிடம். நான் பக்கத்திலேயே நின்றேன். அது என்னுடையது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன செய்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளைக் கவிழ்க்க நான் வெட்டிய குழியில் அவளுக்கு மாலை கிடைத்தது. அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையில் காய்ச்சலே வந்துவிட்டது. மலைக்குளிர் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் மலையிறங்கினோம். அண்ணன் முன் சீட்டில் தூங்கிப்போனான். நாலைந்து வளைவு தாண்டியதும் மதினி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நாலாம் பக்கத்துல அந்த ஆமெனை எப்ப வச்ச, புள்ள?”

“உங்களுக்குத் தெரியுமா மதினி?”

“ஒரு தரம் வாசிச்சா எனக்கு மறக்காது. மொத நாளே பாத்துட்டேன். எழுதினவரு அங்க சும்மா இருக்கச் சொல்லியிருக்காரு. நீ என்னத்துக்கு வச்சன்னும் தெரியும். விடு. ஆனா நல்லா இருந்துச்சு. அதான் வாசிச்சேன். அவருக்குத் துரோகம், இனிமே வாசிக்க மாட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அடுத்தவன் வீட்டுக்குள்ள போயி எதுக்கு விளக்கேத்துத? உனக்குன்னு ஒண்ணு எழுது. நான் உயிரோட இருக்கவியளுக்குத்தான் வாசிப்பேன். நீ உயிரோடதான இருக்க?”

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ‘நல்லா இருந்துச்சு’ என்றாள். அதுவரை என் கையெழுத்தைத் தவிர எதையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். எழுதினியா? இல்லை மதினி, பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. எழுதினியா? இல்லை மதினி, அப்பாவுக்கு இருமல். அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் புதிதாகத் தொடங்கியிருந்த ரேடியோ நிலையத்திலிருந்து மதினிக்குக் கடிதம் வந்தது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம். கடிதத்தை என்னிடம் காட்டினாள்.

“இருபத்து மூணு நிமிஷத்துக்கு என்கிட்ட இருக்கு. மிச்சம் ஏழு நிமிஷம் உனக்கு. உம் பேரைச் சொல்லி வாசிக்கச் சொல்லுதேன். ஏழு நிமிஷம், புள்ள. எழுதிருவியா?”

எழுதினேன். இது யாருக்கும் தெரியாது. எங்கள் சபையில் முன்வரிசையும் பின்வரிசையும் ஒருநாளும் ஒன்றாகப் பாடியதில்லை. முன்வரிசை ஆர்கனோடு போகும். பின்வரிசைப் பெண்கள் அரை அடி பின்னால், இழுத்து இழுத்து வருவார்கள். நான் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் வேகம் கூட்டமாட்டார்கள். வருஷக்கணக்கில் அதோடு சண்டை போட்டிருக்கிறேன். அதையே எழுதினேன். வலது கை முன்வரிசை, இடது கை பின்வரிசை. கடைசி வரை சேரவே சேராது. ஒரு இடத்தில் சேரப் போகும், சேராமல் போய்விடும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஏழு நிமிடத்துக்குப் பத்து விநாடி குறைவு. எனக்கே வாசிக்க வரவில்லை, கை பின்னிக்கொண்டது. ஆனால் நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

தை மாதக் கடைசியில் அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறினேன். தெருவில் நுழையும்போதே பக்கத்து வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார்.

“உங்க மதினி ரேடியோல வாசிக்கப் போறாவளாமே! ஊரே பேசுது. எனக்கு ஒண்ணும் புரியாது, இருந்தாலும் நம்ம தெருவுக்கே பெருமை பாரும்மா.”

உள்ளே மதினி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கேட்டேன். அவள் கைகள் இரண்டும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன, எந்தச் சிரமமும் இல்லாமல். என்னுடையதை இவள் வாசித்தால் எப்படி இருக்கும் என்று அப்போதே எனக்குக் கேட்டுவிட்டது. எனக்கு வராதது இவளுக்கு வரும். பத்து நாளில் வந்துவிடும். அப்புறம் என்ன சொல்வார்கள்? உங்க மதினி என்னமா வாசிச்சா! அதுதானே சொல்வார்கள்? கொடைக்கானலில் என் ஆமெனுக்கு அவளிடம்தானே கண்ணீர் விட்டார்கள்? என்னிடம் இருந்தது இது ஒன்று, இதையும் இவளிடம் கொடுத்துவிட்டு நான் பக்கம் திருப்ப வேண்டுமா?

“எழுதினியா, புள்ள?” என்றாள், கையை எடுக்காமல்.

“இல்ல மதினி. வரமாட்டேங்குது” என்றேன். சனிக்கிழமை உடுப்பு வைக்க அந்த வீட்டில் எனக்கு ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் புடவைகளுக்கு அடியில் தாள்களை வைத்தேன்.

அவள் முகம் வாடியது. “இன்னும் நாளு இருக்கு, பாரு” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனும் மதினியும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். பக்கம் திருப்ப அண்ணனையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். ராஜபாளையத்தில் வாசகசாலை ஒன்றில் ரேடியோ வைத்து, வெளியே மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் போனோம். ஆறரைக்குப் பாட்டுக் கச்சேரி கேட்க ஆட்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்கு மதினி ஆரம்பித்ததும் ஒருவர் எழுந்து ரேடியோவின் தலையில் தட்டப் போனார்.

“கெட்டுப்போகல, உக்காருங்க. அது நம்ம வீட்டம்மா!” என்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு அதட்டல் போட்டார்.

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு இருபத்து மூன்றுக்கு முடிந்தது. அவ்வளவுதான். அறிவிப்பாளர் அவள் பேரைச் சொன்னார். நிகழ்ச்சி முன்னதாக முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு இசைத்தட்டைப் போட்டார். சுற்றிலும் “அப்பாடா” என்றார்கள். அந்த ஏழு நிமிடமும் வீணை ஓடியது. கூட்டம் தலையாட்டிக் கேட்டது.

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். “ஏன் மதினி, சீக்கிரம் முடிச்சுட்டீங்க? உங்ககிட்டதான் நூறு இருக்கே?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அவியளும் கேட்டாவ. இன்னொண்ணு வாசிங்கம்மான்னு. மாட்டேன்னுட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அது உன் இடம். கடேசி நிமிஷம் வரைக்கும் நீ யாருகிட்டயாவது கொடுத்து அனுப்புவன்னு நெனச்சேன். அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்க மனசு வரல. பொறவு பாத்துக்கிடலாம், அடுத்த வருஷமும் கூப்பிடுதோம்னாவ.”

டிரங்குப் பெட்டி அடுத்த அறையில் இருந்தது. பத்து எட்டுக்கூட இருக்காது. போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வந்தால், போன மாதமே எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அடுத்த வருஷம் யுத்தம் கிட்டே வந்துவிட்டது. அந்த நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். கொழும்பிலிருந்து புத்தகம் வருவதும் நின்றுபோனது. மதினி பழையதையே வைத்துக்கொண்டு மதுரையில் இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவைக்கு ஒப்புக்கொண்டிருந்தபோது வலது கையில் வாதம் கண்டது. மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டினார்கள். எண்ணெய், ஒத்தடம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. நடு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அவளே பியானோவை மூடி, மேலே ஒரு விரிப்பைப் போட்டுவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இனி அவளால் வாசிக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எனக்குக் கொடுக்க மனசு வந்தது. இதை இதைவிட நாகரிகமாக எழுத வழி இருக்கிறதா என்று பார்த்தேன். கிடையாது.

மதினி முற்றத்தில் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள்களை மடியில் வைத்தேன். ஒன்றும் கேட்காமல் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கடுதாசி படிப்பதுபோல் அவளுக்கு நோட்ஸ் படிக்க வரும். இரண்டாம் பக்கத்தில் இடது கை தொடைமேல் தானாக அசைய ஆரம்பித்தது, இழுத்து இழுத்து, எங்கள் பின்வரிசைப் பெண்கள் போலவே. சேரப் போய் சேராமல் போகிற இடத்தில் லேசாகச் சிரித்தாள். அதுவரை நான் எழுதியதை யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு, புள்ள. எப்ப எழுதின?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “அந்த ரேடியோவுக்கு முந்தி, மதினி. தை மாசம்.”

அவள் என்னைப் பார்த்தாள். எதற்காக மறைத்தேன் என்று கேட்கவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

“அப்ப என் கை நல்லாத்தான இருந்துச்சு” என்றாள்.